போஸ் என்றால் எந்த போஸ்? புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளை வினாடி வினாவுக்குத் தயார்ப்படுத்துகிறேன். போன வருடம் ஒரு பள்ளியிலிருந்து பழைய அறிவியல் படத்தட்டிகள் சிலவற்றை நூலகத்துக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்றில் "போஸானுக்குப் பெயர் தந்த போஸ்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே மீசை வைத்து, கோட்டுப் போட்ட ஒருவர் ஏதோ கருவிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இவரு செடிக்கு உயிர் இருக்குன்னு சொன்னவருல்ல?" அவள் சரியாகத்தான் கேட்டாள். படத்தில் இருந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். தலைப்புக்கு உரியவர், போஸான் என்ற துகள் இனத்துக்குப் பெயர் தந்த சத்யேந்திர நாத் போஸ். அந்தத் தட்டியைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் தப்பாக மனப்பாடம் செய்தார்களோ என்று நினைத்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு குழுவுக்கும் முதல் வகுப்பு போஸ்தான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், இந்திய வரலாற்றை இப்போதுதான் தொட்டிருப்பவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாக்கள் எல்லாருக்கும் உதவும் என்று வகுப்பில் செய்வதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை: பெயரைத் திருப்பிப் போடுங்கள்

குழப்பம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது. நம் ஊரில் "மு. போஸ்" என்று ஒருவர் இருந்தால், மு என்பது அவருடைய அப்பா, போஸ் என்பதுதான் அவர். கடைசியில் முழுசாக நிற்பது ஆளுடைய பெயர், முன்னால் புள்ளி வைத்து நிற்பது தகப்பன் பெயர் என்று சின்ன வயதிலிருந்தே நம் கண்ணும் காதும் பழகிவிட்டன. அதனால் "ஜே. சி. போஸ்" என்று படித்தவுடன், நம்மை அறியாமலே போஸ் என்பவர்தான் ஆள், ஜே.சி. ஏதோ முன்னெழுத்து என்று எடுத்துக்கொள்கிறோம். வங்காளத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே போஸ் என்பது வீட்டுப் பெயர், அதாவது குடும்பம் முழுக்கச் சுமக்கும் பெயர். ஆள் யார் என்று சொல்வது நாம் கவனிக்காமல் தாண்டிப்போகும் அந்த ஜே.யும் சி.யும்தான். நடுவில் வரும் சந்திர, நாத், மோகன், பிஹாரி எல்லாம் அப்பா பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. அவர்களுடைய சொந்தப் பெயரின் இரண்டாம் பாதி, அவ்வளவுதான்.

ஆகவே குறிப்பேட்டில் "போஸ்" என்று தனியாக எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஜகதீஷ், சத்யேந்திர, சுபாஷ், ராஷ் பிஹாரி, குதிராம், நந்தலால் என்று சொந்தப் பெயரை முதலில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சுருக்கப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். எஸ்.சி. போஸ் என்று எழுதினால் அது சுபாஷ் சந்திரராகவும் இருக்கலாம், அவருடைய அண்ணன் சரத் சந்திரராகவும் இருக்கலாம். இருவருமே வங்க அரசியலில் பெரிய ஆட்கள்.

அடுத்து எழுத்துக்கூட்டல்

வங்க மொழியில் இந்தப் பெயருக்கு எழுத்துக்கூட்டல் ஒன்றுதான், உச்சரிப்பு ஏறக்குறைய "போஷு". வடமொழியில் இதுவே வசு. வங்காளிகளுக்கு வகரமும் பகரமும் ஒரே எழுத்து, ஒரே ஒலி, முதலில் வரும் அகரம் ஒகரம்போல ஒலிக்கும், அதனால்தான் வசு போஷு ஆனது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது சில குடும்பங்கள் போஸ் என்று வைத்துக்கொண்டன, சில குடும்பங்கள் பாசு என்று. அதனால் 1977 முதல் 2000 வரை மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவுக்கும், நேதாஜிக்கும் வங்க எழுத்தில் ஒரே குடும்பப் பெயர்தான். உறவு இல்லை, பெயர் மட்டும் ஒன்று. கவிஞர் புத்ததேவ பாசுவும் அப்படியே.

இணையத்தில் தமிழில் தேடும்போது போஸ், போசு, பாசு, பாஸு என்று நான்கையும் போட்டுத் தேடுங்கள். கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் போசு என்றே எழுதுவார்கள், அந்தப் பக்கங்கள் "போஸ்" என்று தேடினால் சில சமயம் கண்ணில் படாது. இன்னொன்று, பாசு என்று கண்டதும் எல்லாவற்றையும் இந்தப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இந்தித் திரைப்பட இயக்குநர் பாசு சட்டர்ஜிக்கு பாசு என்பது சொந்தப் பெயர், சட்டர்ஜிதான் குடும்பம். அவர் இந்த வரிசையில் சேரமாட்டார்.

மூன்றாவது: நான்கு விவரங்களைக் கேளுங்கள்

எந்த போஸ் வந்தாலும் பிறந்த வருடம், பிறந்த ஊர், செய்த வேலை, வாழ்ந்த இடம் என்று நான்கையும் கேட்டு எழுதுங்கள். நான் கரும்பலகையில் எழுதும் வரிசையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பரவாயில்லை, இதுதான் சாப்பாடு.

ஜகதீஷ் சந்திர போஸ், 1858, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங். இயற்பியலில் தொடங்கித் தாவரங்களுக்கு வந்தவர். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியில்லாமல் மின்காந்த அலையை அனுப்பி, தள்ளி வைத்திருந்த மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். பிரசிடென்சி கல்லூரியில் இந்தியர்களுக்கு வெள்ளையர்களைவிடக் குறைந்த சம்பளம் என்பதால், மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். செடிக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் இவர் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, அதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். புல்லும் மரமும் ஓரறிவு உயிர் என்பது நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே தெரிந்த விஷயம். இவர் செய்தது அளந்து காட்டியது. செடியைத் தொட்டால், சுட்டால், மருந்து கொடுத்தால் அதற்குள் மின்துடிப்பு எப்படி மாறுகிறது என்று பதிவுசெய்தார், கண்ணுக்கே தெரியாத வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். 1917இல் தன் பிறந்தநாளான நவம்பர் 30 அன்று போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937இல் இறந்தார்.

சத்யேந்திர நாத் போஸ், 1894, கல்கத்தா. ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர் என்பதால் இவரை மறக்கவே முடியாது. ஜகதீஷிடம் படித்த மாணவர். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது சூடான பொருள் எந்த ஒளியை எவ்வளவு வெளியிடும் என்று சொல்லும் பிளாங்க் விதியைப் புது வழியில் வருவித்து ஒரு கட்டுரை எழுதி, நேராக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடையாளம் காண முடியாது, அதனால் அவற்றை எண்ணும் முறையே வேறு என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்த முறைப்படி நடந்துகொள்ளும் துகள்களுக்குப் பின்னால் போஸான் என்று பெயர் வைத்தவர் பால் டிராக். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். 2012இல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போஸானைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். ஹிக்ஸும் போஸான் இனம்தான், ஆனால் அதை முன்கூட்டிச் சொன்னவர் சத்யேந்திரர் இல்லை. மொத்தச் சாதிக்குத்தான் அவர் பெயர், ஹிக்ஸ் அதில் ஒன்று. சத்யேந்திரருக்கு நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 2001இல் இயற்பியல் நோபல் கிடைத்தது போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை, அதாவது கடுங்குளிரில் அணுக்கள் எல்லாம் ஒன்றுபோல நடந்துகொள்ளும் நிலையை, ஆய்வகத்தில் உண்டாக்கியவர்களுக்கு. பிள்ளைகள் "போஸ் நோபல் வாங்கினார்" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும், வாங்கியிருக்கவேண்டியவர்தான்.

சுபாஷ் சந்திர போஸ், 1897, ஒடிசாவின் கட்டாக். வங்காளிதான், பிறந்தது மட்டும் கட்டாக், அப்பா அங்கே வழக்கறிஞர். ஐ.சி.எஸ். தேறிவிட்டு 1921இல் உதறினார். 1938இல் ஹரிபுரா, 1939இல் திரிபுரி காங்கிரஸ் தலைவர். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலில் இருந்து தப்பினார், 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். இவரைப் பற்றி உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் இத்தோடு விடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1939 செப்டம்பர் 3 அன்று இவர் நம் சென்னைக் கடற்கரையில் பெரிய கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான், ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்த சேதியோடு மாலைப் பத்திரிகையை யாரோ கையில் கொடுத்தார்கள்.

ராஷ் பிஹாரி போஸ், 1886, வங்கத்தின் பர்த்வான் பக்கத்துச் சுபல்தஹா கிராமம். பரீட்சையில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இவரிடத்தில். 1912 டிசம்பரில் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மேல் குண்டு வீசிய திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர், 1915இல் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் நகமுரயா என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா குடும்பம் இவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவையே மணந்தார். 1927இல் அந்தக் கடையில் இந்தியக் கோழிக்கறிக் குழம்பு விற்பனைக்கு வந்தது இவர் சொல்லிக்கொடுத்த பக்குவத்தில், இன்றைக்கும் அங்கே அது கிடைக்கிறது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையைத் தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான சுபாஷிடம் கொடுத்தார். ஒருவர் கொடுத்தவர், ஒருவர் வாங்கியவர் என்று வைத்துக்கொண்டால் மாறாது. இருவரும் உறவினர் அல்லர். கூடவே இன்னொரு எச்சரிக்கை: 1907 சூரத், 1908 சென்னை காங்கிரஸ்களின் தலைவர் ராஷ் பிஹாரி கோஷ், போஸ் இல்லை.

குதிராம் போஸ், 1889, மிதுனாபூர் பக்கம். 1908 ஆகஸ்ட் 11 அன்று முசாபர்பூரில் தூக்கிலிடப்பட்டபோது வயது பதினெட்டு. நீதிபதி கிங்ஸ்ஃபோர்டுக்கு வைத்த குண்டில் வேறு வண்டியில் வந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், மறைக்க வேண்டாம்.

நந்தலால் போஸ், 1882, இன்றைய பீகாரின் முங்கேர் பக்கம். ஓவியர். சாந்திநிகேதனின் கலா பவனத்தைப் பல வருடம் நடத்தினார், அங்கே எல்லாருக்கும் இவர் "மாஸ்டர் மோஷாய்", நம் ஊர் வாத்தியாரையா மாதிரி. காந்தி கையில் தடியோடு நடக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை அச்சுப்படம் நினைவிருக்கிறதா, 1930இல் தண்டி யாத்திரைக்காக இவர் செதுக்கியது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்குப் பக்கங்களை அலங்கரித்ததும் இவரும் இவருடைய மாணவர்களும்தான். 1938 ஹரிபுரா காங்கிரஸுக்குக் கிராமத்து ஆட்களைத் தட்டி தட்டியாக வரைந்துவைத்தார், தச்சர், தறிக்காரர், மேளக்காரர் என்று. அந்த மாநாட்டில் மேடையில் ஒரு போஸ், பந்தல் சுவரில் ஒரு போஸ்.

இன்னும் இருவரைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ராஜ் சந்திர போஸ், 1901, கணிதம், புள்ளியியல். 1959இல் இன்னும் இருவரோடு சேர்ந்து கணித மேதை ஆய்லரின் பழைய ஊகம் ஒன்றைத் தவறென்று காட்டினார். தரவில் வரும் பிழையைத் திருத்தும் பி.சி.எச். குறியீட்டில் பி என்பது இவர். கடையில் பணம் கட்ட நீங்கள் ஸ்கேன் செய்யும் கியூ.ஆர். கட்டத்தின் ஒரு மூலையில்கூட அந்தக் குறியீடு வேலை செய்கிறது. அமர் போஸ், 1929, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. பிள்ளைகள் காதில் மாட்டும் போஸ் ஹெட்போன் இவருடைய நிறுவனம், 1964இல் தொடங்கியது. அப்பா வங்கத்திலிருந்து வெள்ளையர் ஆட்சிக்குத் தப்பிப்போன போராளி. இவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர், மாசசூசெட்ஸில் இருப்பது, குரோம்பேட்டையில் இருப்பது இல்லை.

உறவு என்று நீங்களாக முடிச்சுப் போடாதீர்கள்

"நேதாஜியோட சித்தப்பாதானே அந்த விஞ்ஞானி?" என்று போன மாதம்கூட ஒரு தகப்பனார் கேட்டார். இல்லைங்க. வங்கத்துக் காயஸ்தர் என்ற சாதியினரிடையே போஸ், கோஷ், மித்ரா எல்லாம் மிகப் பரவலான பெயர்கள். நம் ஊரில் பிள்ளை என்றோ முதலியார் என்றோ முடியும் இருவர் உறவாக இருந்தே தீரவேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, அதே கணக்குதான். ஜகதீஷ், சத்யேந்திர, சுபாஷ் மூவருக்கும் பிரசிடென்சி கல்லூரிதான் பொது, ரத்தம் இல்லை. ஜகதீஷ் அங்கே ஆசிரியர், சத்யேந்திரர் மாணவர், சுபாஷும் அங்கே சேர்ந்து, பேராசிரியர் ஓட்டன் மீதான தாக்குதல் விவகாரத்தில் 1916இல் வெளியேற்றப்பட்டார்.

உறவு நிஜமாகவே இருக்கும் இடங்கள் வேறு. சரத் சுபாஷின் அண்ணன், அவருடைய மகன் சிசிர்தான் 1941இல் சித்தப்பாவைக் காரில் வைத்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போனவர். ஆனந்த மோகன் போஸ், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறுபவர்களுக்குத் தரும் ராங்லர் பட்டம் பெற்ற முதல் இந்தியர், 1898இல் சென்னையில் நடந்த காங்கிரஸுக்குத் தலைவர், ஜகதீஷின் சகோதரியை மணந்தவர். அந்தச் சகோதரி பிறந்த வீட்டிலும் போஸ், புகுந்த வீட்டிலும் போஸ். ஜகதீஷுக்குப் பிறகு போஸ் நிறுவனத்தை நடத்திய தேவேந்திர மோகன் போஸ், ஜகதீஷுக்கு சகோதரி மகன், நம் முறையில் சொன்னால் மருமகன். மாமன் மருமகன் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் வந்ததால் அண்ணன் தம்பி பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள்.

பெண்களைத் தேடும்போது கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஜகதீஷின் மனைவி அபலா போஸ், பெண்கள் கல்விக்காக நிறையப் பள்ளிகள் தொடங்கியவர், பிறந்த வீட்டில் அபலா தாஸ். 1882இல் மருத்துவம் படிக்க வங்கத்திலிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தது அபலா தாஸ்தான். உடம்பு ஒத்துழைக்காமல் படிப்பை முடிக்க முடியவில்லை. இதைச் சொன்னதும் எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள், நூற்று நாற்பது வருடம் முன்னால் ஒரு வங்காளிப் பெண் நம்மூர் தேடிப் படிக்க வந்தாளா என்று.

நம் ஊர் போஸ்கள்

இது தனிக் கணக்கு. மலாயாவிலும் பர்மாவிலும் தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்கள் எத்தனையோ பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இங்கே தென்மாவட்டங்களிலும் நேதாஜி மேல் அவ்வளவு பிரியம். அதனால் பிள்ளைக்கு சுபாஷ் என்று வைத்தார்கள், நேதாஜி என்று வைத்தார்கள், சந்திரபோஸ் என்றும் வெறும் போஸ் என்றும் வைத்தார்கள். ஒரு வங்கக் குடும்பப் பெயர் இங்கே வந்து ஆள் பெயராகிவிட்டது. திரைப்பட இசையமைப்பாளர் சந்திரபோஸைக் கேட்டிருப்பீர்கள், அது அவருடைய சொந்தப் பெயர், இரண்டையும் பிரித்துக் குடும்பப் பெயர் போஸ் என்று எழுதினால் தப்பு. இப்படிப்பட்ட ஒருவர் பாஸ்போர்ட் படிவம் நிரப்பும்போதும், பெயர்வரிசைப் பட்டியலில் இடும்போதும் முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். வங்காளியாக இருந்தால் போஸ் என்பதன் கீழ் வரும், மதுரைக்காரராக இருந்தால் போஸே அவர்தான், அவருடைய பிள்ளைக்கு அது முன்னெழுத்தாகப் போகும்.

படம் ஒட்டும்போது

தட்டி செய்யும் ஆசிரியர்களுக்காக இதைச் சொல்கிறேன். "போஸ் விஞ்ஞானி" என்று தேடி வரும் முதல் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். மீசையும் கோட்டும் இருந்தால் பெரும்பாலும் ஜகதீஷ். தடித்த கண்ணாடி, கலைந்து நிற்கும் வெள்ளை முடி, மழித்த முகம் என்றால் வயதான சத்யேந்திரர். ராணுவ உடை, தொப்பி, வட்டக் கண்ணாடி சுபாஷ். அப்புறம் படத்தின் கீழ் முழுப்பெயரையும் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் எழுதுங்கள். ஆண்டு எழுத உட்கார்ந்தாலே தப்பு கையில் சிக்கிவிடும், ஏனென்றால் எந்த போஸ் என்று முடிவுசெய்யாமல் ஆண்டு எழுத முடியாது. எங்கள் தட்டியை அப்படித்தான் சரிசெய்தோம். தலைப்பை விட்டுவிட்டு, மீசைக்காரரைத் தண்ணீர் தொட்டு மெல்ல உரித்து எடுத்து, வேறு அட்டையில் கிரெஸ்கோகிராஃப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள் அந்தப் பெண்.

பழகிப் பார்க்க

கீழே மூன்று கேள்வி. பதிலில் வெறும் போஸ் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

ஹௌராவில் இருக்கும் இந்தியத் தாவரவியல் பூங்காவுக்கு எந்த போஸின் பெயர்? ஜகதீஷ் சந்திர போஸ், 2009இல் மாற்றினார்கள்.

பீகாரில் பூசா ரயில் நிலையத்தின் பெயரோடு சேர்ந்திருக்கும் போஸ் யார்? குதிராம் போஸ். அவர் பிடிபட்டது அந்தப் பக்கத்தில்தான்.

1954இல், பத்ம விபூஷண் விருது தொடங்கிய முதல் வருடத்திலேயே, அதைப் பெற்ற போஸ் யார்? இங்கே ஒரு பெயர் எழுதினால் பாதி மதிப்பெண்தான். சத்யேந்திர நாத் போஸ், நந்தலால் போஸ், இரண்டு பேரையும் எழுதுங்கள்.